61 நாள் வீட்டில் இருக்கும் புருஷன்

ஏப்ரல் 15 பிறந்தால் எங்கள் பக்கத்தில் ஒரு பழைய நக்கல் கிளம்பும். "இன்னைலேர்ந்து எண்ணிக்கங்க நர்சம்மா, தைப் பொங்கலுக்குப் பிரசவ வார்டுல பாய் போடணும்" என்பார் அங்கன்வாடி ஆயா. மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று கரை முழுக்கப் படகுகள் கட்டிக் கிடக்கும். ஆண்கள் வீட்டில் கிடப்பார்கள். அப்புறம் என்ன, ஊரே புதுமாப்பிள்ளை வீடுதான் என்று ஒரு நினைப்பு.

கிராம சுகாதார செவிலியராக இந்தக் கரையில் 22 வருஷம் ஓட்டிவிட்டேன். கர்ப்பிணிகள் பதிவேடு என் கையெழுத்தில்தான் இருக்கிறது. தையிலும் மாசியிலும் அப்படியொரு கூட்டம் என் பதிவேட்டில் ஒரு வருஷமும் கூடியதில்லை. தடைக்காலத்தில் கூடுவது வேறு. தலைவலி மாத்திரை கேட்டு வருகிறவர்கள் கூடுவார்கள். "சும்மாதான்க்கா வந்தேன்" என்று வந்து அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள் கூடுவார்கள். ஒரு மே மாதம் அப்படி வந்து உட்கார்ந்தவளிடம், "வீட்டுக்காரர்தான் வீட்டுல இருக்காரே, பிறகு என்னத்தா?" என்று கேட்டேன்.

"அதான்க்கா" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

அந்த 'அதான்க்கா'வைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல். எழுதுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் வருகிற பெண்கள் யாரும் நேரடியாக ஒரே ஆள் இல்லை. ஊரை, வயசை, தொழிலை மாற்றி, ரெண்டு பேரை ஒருத்தியாக்கி எழுதியிருக்கிறேன். என்னை நம்பிச் சொன்னவர்கள். என் வீட்டுக்காரர் மட்டும் அசல். எழுதியதும் அவரிடம் படித்துக் காட்டினேன். "அந்தக் கை கழுவுற விஷயத்தை மட்டும் எடுத்துரு" என்றார். எடுக்கவில்லை.

இந்தச் சமாச்சாரத்துக்கு எங்களிடம் கூச்சமில்லாமல் புழங்க ஒரு சொல் கிடையாது. ஆஸ்பத்திரிச் சீட்டில் உடலுறவு. வாரப் பத்திரிகையில் தாம்பத்தியம். பையன்கள் மேட்டர் என்கிறார்கள். பெண்கள் 'சேர்ந்து இருக்கிறது' என்பார்கள், அதையும் முந்தானையால் பாதி வாயை மூடிக்கொண்டு. ஆனால் நல்ல சொல் அது. ஒரே வீட்டில் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துவதற்கும் 'சேர்ந்து இருக்காக' என்றுதான் சொல்கிறோம். ரெண்டையும் ஒரே வார்த்தையில் முடிந்து வைத்த கிழவி யாரோ, அவளுக்கு விவரம் தெரிந்திருக்கிறது.

மீன் கூடை சுமக்கிற ஒருத்தியைச் சொல்கிறேன். தடைக்காலத்தில் நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. ஆனால் வரத்து குறைவு, அதனால் விலை ஏறும். விற்கிறவளுக்கு அதுதான் நாலு காசு பார்க்கிற மாசம். மூன்றரைக்கு எழுந்து ஏலத்துக்குப் போய், கூடையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் ராமநாதபுரம். மத்தியானம் ரெண்டு மணிக்குத் திரும்பி வந்து உலை வைப்பாள். அவள் புருஷன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். சர்க்கார் தருகிற தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வட்டிக்குப் போய்விடும். பகலெல்லாம் தூக்கம், சாயங்காலம் சீட்டு. ராத்திரி அவருக்குத் தூக்கம் பிடிக்காது.

"தெனமும் எழுப்புறாகக்கா. சும்மாதான கெடக்கோம்ங்கிறாக. அவுகளுக்குத் தடைக்காலம். எனக்குமா தடைக்காலம்?"

அவர் கெட்டவர் இல்லை. கை நீட்ட மாட்டார். ரெண்டு மாசமாகக் கையில் காசு இல்லாத ஆண், தான் இன்னும் வீட்டுக்கு ஆம்பளைதான் என்று காட்டிக்கொள்ள அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. இவளுக்கோ அது இன்னொரு ஷிப்ட்.

2015-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். திருமணமான 64 ஜோடி. பாதிப் பேரிடம், "வழக்கமாக எத்தனை முறையோ அதைப்போல ரெண்டு மடங்கு சேர்ந்திருங்கள்" என்று சொன்னார்கள். மீதிப் பேருக்கு ஒரு உத்தரவும் இல்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், ரெண்டு மடங்குக்காரர்களின் சந்தோஷம் கூடவில்லை, கொஞ்சம் இறங்கியிருந்தது. அதன்மேல் இருந்த ஆசையும் ரசனையும்கூடக் குறைந்திருந்தது. தாங்களாக விரும்பிச் செய்யாமல், சொன்னதற்காகச் செய்ததுதான் காரணமாக இருக்கும் என்று ஆராய்ச்சியாளர்களே விளக்கம் சொன்னார்கள். எங்கள் கூடைக்காரி இதை ஒரு பைசா செலவில்லாமல் சொல்லியிருப்பாள்.

புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் கேட்பது வேறு கேள்வி. "எத்தனை தடவைக்கா நார்மல்?" மாத்திரை மாதிரி, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கனடாவில் ஏமி மியூஸ் என்பவரும் கூட இருந்தவர்களும் 30,000 பேருக்கு மேற்பட்ட அமெரிக்கர்களின் விவரங்களை அலசினார்கள். ஜோடியாக இருப்பவர்களுக்கு வாரம் ஒரு முறை என்கிற அளவு வரைக்கும் சந்தோஷம் கூடவே ஏறுகிறது. அதற்குமேல் எத்தனை முறை ஆனாலும் ஏறவில்லை. இறங்கவும் இல்லை, அப்படியே நின்றுவிடுகிறது. சராசரிதானே, நான் இதை யாருக்கும் அளவுகோலாகத் தருவதில்லை. வாரம் மூன்று என்றிருப்பவர்கள் மூன்றாகவே இருக்கட்டும். பத்து நாளைக்கு ஒன்று என்று நிம்மதியாக இருப்பவர்களை நாம் ஏன் கலைக்க வேண்டும்?

எனக்குப் பிடித்த ஆய்வு இன்னொன்று. ஃபுளோரிடாவில் ஆண்ட்ரியா மெல்ட்சர் என்பவர் குழு, 2017-இல் வெளிவந்தது. புதுசாகக் கல்யாணமான 214 ஜோடிகளை 14 நாள் ராத்திரி ராத்திரி குறிப்பு எழுத வைத்தார்கள். ஒரு முறை சேர்ந்திருந்தால் அந்தத் திருப்தி ஏறக்குறைய 48 மணி நேரம் மனசில் தங்குகிறதாம். அந்த மிச்ச வெதுவெதுப்பு யாருக்கு அதிகமோ, அவர்கள் சில மாதம் கழித்தும் கல்யாணத்தில் திருப்தியாக இருந்திருக்கிறார்கள். ராமேஸ்வரத்து விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனிதான் கடல் நாள். மற்ற நாள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. திங்கள் காலையில் போனவர் செவ்வாய் காலையில் கண் சிவந்து திரும்புவார். புதன் திரும்பவும் கடல். திங்களுக்கும் புதனுக்கும் நடுவில் அதே 48 மணி நேரம்! இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சங்கப் புலவர்கள் குறிஞ்சிக்குப் புணர்ச்சியைக் கொடுத்தார்கள், மருதத்துக்கு ஊடலைக் கொடுத்தார்கள், எங்கள் நெய்தலுக்கு மட்டும் கரையில் உட்கார்ந்து இரங்குவதை ஒதுக்கினார்கள். பரவாயில்லை, ஒரு செவ்வாய்க்கிழமையையாவது மிச்சம் வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமைக்கும் இடைஞ்சல் உண்டு. அது வீடு. ஒரு ஹால், ஒரு அடுப்படி. ஹாலில் மாமியார், ரெண்டு பிள்ளை, சில வீடுகளில் கல்யாணமாகாத கொழுந்தன். இதில் எங்கே போய்ச் சேர்ந்திருப்பது? "அத்தை ஜெபக்கூட்டத்துக்குப் போனா ஒரு மணி நேரம் கெடைக்கும்க்கா" என்று ஒருத்தி கணக்குச் சொன்னாள். நிதானம், பேச்சு, தொடுதல் என்று ஆஸ்பத்திரிப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் நான் அவளுக்கு எப்படிச் சொல்வேன்? கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொடுத்தால் பாதிக் குடும்பத்துக்கு என் ஆலோசனையே தேவைப்படாது.

பெரியபட்டினம், கீழக்கரைப் பக்கம் வேறு கதை. அங்கே வீடு பெரிசு, தாழ்ப்பாள் உண்டு, புருஷன் கிடையாது. சவுதியிலோ துபாயிலோ இருப்பார். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு மாச லீவு. முதல் பத்து நாள் விருந்து. பிறகு பேச்சு நின்றுவிடும். அவர் போனைப் பார்ப்பார், இவள் அடுப்பைப் பார்ப்பாள். அப்படி ஒரு பெண் சொன்னாள்: "வரும்போது மச்சான் விருந்தாளி மாதிரித்தான் இருக்காங்க. எனக்குப் பழகி, அவங்களுக்குப் பழகி, இப்பத்தான் புருஷன்னு தோணும்போது பெட்டி கட்டிருவாங்க."

"ரெண்டு பேரும் எப்பத்தான் நல்லாப் பேசிக்கிட்டீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "போன்லதான்" என்றாள். கடல் தாண்டிப் போனாலும் நெருக்கம் வந்துவிடும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. லீவில் வந்த மனுஷனிடம் ராத்திரி சொல்ல வாய் வராததையெல்லாம் அவள் போனில் சொல்லிவிடுகிறாள். முகத்தைப் பார்க்காமல் இருட்டுக்குள் சொல்வது சுலபமாக இருக்கிறது. இதை எனக்கு அவள் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. என் கதைக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் படகு எஞ்சின் மெக்கானிக். லேலண்ட் எஞ்சின் சத்தத்தைக் கரையில் நின்று கேட்டே எந்தப் படகு என்று சொல்லுவார். படகெல்லாம் கரையேறிக் கிடக்கிற தடைக்காலத்தில்தான் அவருக்குத் தலைக்குமேல் வேலை. ஊரில் எல்லாப் பெண்களுக்கும் புருஷன் வீட்டுக்கு வருகிற 61 நாளில் எனக்கு மட்டும் புருஷன் காணாமல் போவார். மற்ற நாள் ராத்திரி எட்டு மணிக்கு வந்துவிடுவார். வந்ததும் பின்கட்டில் காட்டன் வேஸ்ட்டைக் கொஞ்சம் டீசலில் நனைத்துக் கிரீஸைத் துடைத்து, பார் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். அது முதல் தடவை. சாப்பாடு முடிந்து, அன்றைக்கு எந்த எஞ்சின் எப்படிப் படுத்தியது என்று கதை சொல்லி முடித்து, எல்லோரும் படுத்த பிறகு சில நாள் மறுபடி பின்கட்டுக்குப் போவார். வாளியில் மக் இடிக்கிற சத்தம் கேட்கும். குளிக்கிற சோப்பு வாசம் வரும். அது ரெண்டாவது தடவை. எங்களுக்குள் அதுதான் சேதி. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயைத் திறந்து கேட்டதில்லை. கேட்க வேண்டியும் இருந்ததில்லை.

2009-இல் ரெண்டாவது பையன் பிறந்தான். தையல் போட்ட பிரசவம். ஆறாவது வாரம் தாண்டிச் சேர்ந்தபோது வலி உயிர் போனது. பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் இறங்கிப் பிறப்புறுப்பு வறண்டுவிடும். தையல் தழும்பும் சேர்ந்தால் வலிக்கத்தான் செய்யும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிறவள் நான். ஆனால் என் வாயிலிருந்து வீட்டில் வரவில்லை. ரெண்டாவது தடவை பயந்துகொண்டே படுத்தேன், பயத்தில் உடம்பு இறுகியது, இறுகியதால் இன்னும் வலித்தது. மூன்றாவது தடவை தொடுவதற்கு முன்பே வலி வந்துவிட்டது. வாளியில் மக் இடிக்கிற சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது.

என்னென்ன செய்தேன் தெரியுமா? பிள்ளையை நடுவில் போட்டேன். தூங்குகிற மாதிரி மூச்சு விட்டேன். பதினோரு மணி வரைக்கும் துணி மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்த நாளும் உண்டு. யாருக்காவது பிரசவ வலி என்றால் கூப்பிடாமலே கூடப் போனேன். ஊரில் எனக்கு நல்ல நர்ஸ் என்று பெயர் வந்தது அந்த வருஷத்தில்தான்.

நாலைந்து மாசத்தில் ரெண்டாவது கை கழுவல் நின்றுபோனது. அப்பாடா என்றிருந்தது. அப்புறம் கவனித்தேன், எஞ்சின் கதையும் நின்றிருந்தது. சாப்பிடுவார், தட்டை வைப்பார், படுப்பார். கேஸ் தீர்ந்துவிட்டதா, பிள்ளைக்குப் பீஸ் கட்டியாச்சா, அம்மாவுக்கு மாத்திரை வாங்கணுமா. இதைத் தவிரப் பேச்சு இல்லை. மீன் குழம்பில் புளி கூடிப்போனதற்கு ஒரு நாள் நாங்கள் போட்ட சண்டையை என் மாமியார் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். புளி ஒன்றும் கூடவில்லை.

எது முதலில் போனது? படுக்கையா, பேச்சா? கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்து சாண்ட்ரா பையர்ஸ் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதே கேள்வியைத்தான் கேட்கிறது. நீண்ட நாள் சேர்ந்து வாழ்கிறவர்களிடம் 18 மாத இடைவெளியில் ரெண்டு முறை விசாரித்தார். உறவில் திருப்தி முதலில் மாறி, அது உடல் திருப்தியை இழுத்ததா, அல்லது மறுபக்கமா என்று பார்த்தால், ஒன்று முன்னால் போய் மற்றதை இழுத்ததற்குச் சான்று சரியாகக் கிடைக்கவில்லை. ரெண்டும் கூடவே ஏறின, கூடவே இறங்கின. அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு பங்கு, ரெண்டு பேரும் அந்தரங்கமாக எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதோடு சேர்ந்து போனது. பல வருஷம் கழித்து இதைப் படித்தபோது மக் சத்தமும் எஞ்சின் கதையும் ஒரே மாசத்தில் நின்றுபோனது ஞாபகம் வந்தது.

2010, ஆடி மாசம். தங்கச்சிமடத்தில் ஒரு கிறிஸ்தவக் கல்யாணத்துக்குப் போய்விட்டு டிவிஎஸ் எக்ஸெல்லில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். பிள்ளைகள் மாமியாரிடம். பாம்பன் பாலத்தில் ஏறினோம். ஆடிக் கச்சான் காற்று தெரியுமில்லையா, வண்டியையே பக்கவாட்டில் நகர்த்தும். அவர் முதுகுதான் எனக்குத் தெரிகிறது. முகம் தெரியவில்லை. என் முகமும் அவருக்குத் தெரியாது. காற்று எல்லாச் சத்தத்தையும் தின்றுகொண்டிருந்தது. என்ன சொன்னாலும் காற்றோடு போய்விடும் என்ற தைரியத்தில் சொன்னேன்.

"வலிக்குதுங்க."

"என்னது?"

"வலிக்குதுன்னேன்!"

"எங்க? கால்லயா? சேலை வீல்ல மாட்டிருச்சா?" என்று பதறி நடுப்பாலத்தில் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டார். குனிந்து சக்கரத்தைப் பார்க்கிறார். என் காலைப் பார்க்கிறார். பக்கத்தில் ஒரு வேன் நிறைய ஆந்திராக்காரர்கள் ரயில் பாலத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கேமராவை இவர் கையில் கொடுத்து எங்களை எடுங்கள் என்று சைகை காட்டினார். இவர் பன்னிரண்டு பேரையும் நிற்க வைத்து, ஒரு படம் சரியாக வரவில்லை என்று இன்னொன்றும் எடுத்துக் கொடுத்தார். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றேன். இந்த மனுஷனோடு குடும்பம் நடத்துவதே பெரும்பாடு என்று நினைத்தேன். திரும்பி வந்து, "இப்பச் சொல்லு" என்றார்.

கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பையன் பிறந்ததிலிருந்து வலிக்கிறது, நீங்கள் ரெண்டாவது தடவை கை கழுவினால் வயிற்றைப் பிசைகிறது, தூங்குகிற மாதிரி நடித்தேன். எல்லாவற்றையும்.

ரொம்ப நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "ஒரு வருஷமாவா?" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, கையை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உனக்கு என் கையில வர்ற டீசல் நாத்தம் பிடிக்கலைன்னுல்ல நெனச்சேன். மூணு சோப்பு மாத்திப் பாத்துட்டேனே."

மூன்று சோப்பு. ஒரே வீட்டில் இருக்கிறேன். பின்கட்டில் சோப்புப் பெட்டியில் சோப்பு மாறியதை நான் பார்க்கவே இல்லை.

அன்றைக்கு ராத்திரியே எல்லாம் சரியாகிவிடவில்லை. வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில், என்னைத் தெரியாத ஒரு லேடி டாக்டரிடம் போனேன். நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளவில்லை. தழும்பு நன்றாக ஆறியிருக்கிறது, வறட்சிக்குத் தண்ணீர் சேர்ந்த ஜெல்லி போடுங்கள், அவசரப்படாதீர்கள் என்றார். நான் காப்பர்-டி போடும் அறையில் தினமும் பார்க்கிற ஜெல்லி போலத்தான்! எண்ணெய் ஏன் ஆகாது என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆணுறை ரப்பர் எண்ணெய் பட்டால் வலுவிழந்து கிழியும் என்றேன். "அது சரி, சாதா ரப்பர் சீல்ல டீசல் பட்டா ஊதிப்போயிருமே" என்றார் சட்டென்று. 22 வருஷத்தில் இவ்வளவு சீக்கிரம் இதைப் புரிந்துகொண்ட ஆண் அவர் ஒருத்தர்தான். அதன்பின் மூன்று மாசம் போல, வெறுமனே பக்கத்தில் படுத்துக் கதை பேசினோம். நான்தான் அவசரப்பட்டேன். அவர், "புது எஞ்சினை எடுத்த எடுப்புல முறுக்கக் கூடாது" என்பார்.

அந்த மூன்று மாசத்தைப் பற்றிச் சொல்ல இன்னொன்று இருக்கிறது. பெண்ணுக்கு ஆசை முதலில் வந்து, அப்புறம்தான் தொடுதல் என்று ஒரு வரிசையைச் சினிமாவில் பார்த்துப் பழகியிருக்கிறோம். வான்கூவரைச் சேர்ந்த ரோஸ்மேரி பாசன் என்ற மருத்துவர் 2000-இல் எழுதியது வேறு. நீண்ட நாள் குடும்பத்தில் பல பெண்களுக்கு வரிசை மாறி வரும். நெருக்கமும் நிம்மதியும் முதலில், தொடுதல் அடுத்து, ஆசை அதற்குப் பிறகுதான் எழும். "எனக்கு ஆசையே வர்றதில்லக்கா, நான் வேஸ்ட்" என்று சொல்லும் பெண்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். ஆண்களுக்கு மட்டும் தொடுதல் வேண்டாமா என்ன? பாலியல் ஆராய்ச்சி செய்கிற அமெரிக்காவின் கின்சி நிறுவனத்தார் ஐந்து நாடுகளில், ஆண்கள் 40 முதல் 70 வயதுக்குள் இருக்கும் 1,009 ஜோடிகளிடம் விசாரித்து 2011-இல் வெளியிட்டார்கள். அடிக்கடி கட்டிப்பிடிப்பது, முத்தம் என்று இருந்த ஆண்கள்தான் உறவில் சந்தோஷமாக இருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு இதைச் சொன்னபோது, "இதுக்கு அஞ்சு நாட்டுக்குப் போகணுமா?" என்றார்.

எல்லாம் பேசினால் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஐம்பத்திரண்டு வயசு மனுஷர் ஒருத்தர், வீட்டுக்கு மாத்திரை கொடுக்கப் போனபோது என்னைத் தனியே வாசலில் நிறுத்தி, சுவர் விளம்பரத்தில் பார்த்து ஆண்மைக்கு என்று ஒரு லேகியம் வாங்கினேன், சாப்பிடலாமா என்று கேட்டார். சர்க்கரை 300-க்கு மேல். அது ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுத்தால் முதலில் காட்டிக்கொடுக்கிற இடங்களில் இதுவும் ஒன்று. ஆணுறுப்புக்குப் போகும் குழாய் இதயத்துக் குழாயைவிடச் சின்னது; அங்கே அடைப்பு முதலில் தெரியும், நெஞ்சு பிறகு பேசும். அந்த லேகியத்தில் வயாகரா மாதிரி மாத்திரைப் பொடி கலந்திருந்து, நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கிற மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம். டாக்டரிடம் அனுப்பினேன். அவர் மனைவி மூன்று வருஷமாக, இவருக்கு வேறு எங்கோ பழக்கம் இருக்கிறது என்று நினைத்து ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் அந்தம்மா அழுதுகொண்டே சிரித்தார்: "சக்கரைதானா! எம்மேலதான் ஆசை விட்டுப்போச்சுன்னு நெனச்சேன்." இவருக்குச் சர்க்கரை இறங்கினாலும் பழையபடி ஆகவில்லை. ஆனால் திண்ணையில் ரெண்டு பேரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போடுவதைப் போன மாதம் பார்த்தேன்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனையும் இதில் இழுப்பார்கள். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் அதைச் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. "ஆபரேஷன் பண்ணுன ஒடம்பு, இனி அதெல்லாம் எதுக்கு" என்று முப்பது வயசில் சொல்கிறார்கள். கட்டுவது குழாயை. சினைப்பை அதுபாட்டுக்கு வேலை செய்யும், ஹார்மோனுக்கு ஒன்றும் ஆகாது. ஆசைக்கு யாரும் ஆபரேஷன் செய்யவில்லை.

பிடிபட்டு இலங்கைச் சிறையில் மாசக்கணக்கில் இருந்து திரும்பியவர் ஒருத்தரின் மனைவி சொன்னது இது: "வந்துட்டாகக்கா. ஆனா இன்னும் வந்து சேரல." அவருக்கு வேண்டியது மனநல மருத்துவர், நான் இல்லை. அதேபோல் அடித்து உதைத்துக் கட்டாயப்படுத்துகிற வீட்டுக்கு இந்தக் கட்டுரையில் ஒன்றும் இல்லை. அங்கே நான் பேசச் சொல்ல மாட்டேன். பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடச் சொல்வேன். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் சேர்த்தி.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், புருஷனிடம் வேண்டாம் என்று சொல்ல முடியும் என்று 82 சதவீதப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். என் பெஞ்சில் உட்காருகிறவர்களை வைத்துப் பார்த்தால் எனக்கு அது கூடுதலாகத் தெரிகிறது. 'வேண்டாம்' சொல்வதாவது பரவாயில்லை, தலைவலி என்று சொல்லிக்கொள்ளலாம். 'இப்படி வேணும்' என்று சொல்லத்தான் நாக்கு எழுவதில்லை. அந்த மீன் கூடைக்காரி ஒரு தடவை சொல்லிப் பார்த்தாளாம். என்ன கேட்டாள் என்றால், "ராத்திரி எழுப்பாதீக. மத்தியானம் நான் வர்றதுக்குள்ள உலை வச்சுருங்க. அப்புறம் பாக்கலாம்." முதல் நாள் சோறு குழைந்துவிட்டது. அடுத்த நாளும். "இப்பப் பரவால்லக்கா" என்றாள். சோற்றைச் சொன்னாளா வேறு எதையும் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. ஆனால் முந்தானை வாய்க்குப் போகவில்லை.

இந்த வருஷத் தடைக்காலத்திலும் என் ஆள் காணாமல்தான் போனார். மே மாசம் ஒரு ராத்திரி பத்தரைக்கு வந்தார். நான் பகலெல்லாம் தடுப்பூசி முகாமில் நின்று முதுகு விட்டுப்போய்ப் படுத்திருந்தேன். வாளியில் மக் இடித்தது. முதல் தடவை. சாப்பிட்டார். ஏதோ ஒரு படகில் பிஸ்டன் ரிங் போனதைச் சொன்னார். விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி மக் இடித்தது.

"ஏங்க, இன்னைக்கு முடியாதுங்க. முதுகு போச்சு" என்றேன் படுத்தபடியே.

பின்கட்டிலிருந்து குரல் வந்தது: "ஏய், கிரீஸ் போகலைன்னு கழுவுறேன்டி."

சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. பின்கட்டில் அவரும் சிரிப்பது கேட்டது. ஹாலிலிருந்து மாமியார், "இந்நேரத்துல என்னத்தா சிரிப்பு?" என்றார்.

"ஒண்ணுமில்ல அத்தை. கிரீஸ் போகலையாம்."